செங்கட்டைத் தூள்

மரம் யாரையும் கடிக்காது என்பான் என் தங்கை புருஷன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வான். கவரிங் போட்டால் காது புண்ணாகும், வெள்ளி போட்டால் கறுத்துப்போகும், மரம் போட்டுப் பாருங்கள், அது உங்களை ஒன்றும் செய்யாது என்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேரில் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன். வாங்க, போங்க என்றுதான் பேசினேன். இங்கே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. சொல்வது நான், என் இஷ்டம்.

எங்கள் தொழில் மர நகை. தோடு, மோதிரம், கழுத்து மணி, வளையல். நான் ரம்பத்திலும் லேத்திலும் நிற்பேன். கட்டையை அறுத்துக் கடைந்து உருவம் கொடுப்பது என் வேலை. உருவம் வந்த பிறகு அது என் தங்கை கைக்குப் போகும். முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, வழவழ உப்புத்தாள் வரைக்கும் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுமினுப்பு ஏற்றுவது அவள். அவன் விற்பான். வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. நடுவில் இருக்கிற இரண்டு அறையில் அவர்கள் இரண்டு பேரும் குடியிருந்தார்கள். நான் அடுத்த தெருவிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் போவேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் என் வீட்டில் நானும் சுவரும்தான்.

இந்தத் தொழிலை ஆரம்பித்தது நாங்கள் அக்கா தங்கை இரண்டு பேர். கிட்டார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் நான் ரம்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே கழுத்துப் பலகைக்கு என்று வருகிற மரமெல்லாம் கப்பலில் வருகிற ராஜா வீட்டுப் பிள்ளைகள். ஆப்பிரிக்கக் கருங்காலி, இன்னும் வாயில் நுழையாத பேர்கள். அறுத்தது போக விரல் நீளத்தில் மிஞ்சுகிற துண்டுகளை அடுப்பெரிக்கக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு மனசு கேட்காது. பையில் அள்ளிக்கொண்டு வந்து தோடு செய்தேன். தங்கை தேய்த்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்காருகிற பெண் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்காமல் இறங்கமாட்டாள். அப்படி வளர்ந்தது. அவன் பிறகு வந்தவன். மாப்பிள்ளையாக வந்தான், வந்த சூட்டிலேயே கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். வாய்ச் சாமர்த்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது. சரி, விற்கத்தான் ஒரு ஆள் வேண்டுமே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. ஊதாக் கட்டையை அறுத்தவுடன் பார்த்தால் அழுக்குத் துணி மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊதா ஏறும். படாக் என்று ஒன்று, அறுக்கும்போது அப்படியே ஆரஞ்சு. ஆனால் ஒரு வருஷம் போட்டால் காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிடும், ஏமாற்றிவிட்டீர்கள் என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வருவார்கள். கருங்காலி கல். ரம்பத்தின் பல்லைத் தின்றுவிட்டுத்தான் வழிவிடும்.

இதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு முன்னால் வந்தது செங்கட்டை. கோகோபோலோ என்று அதற்குப் பேர். பேரைச் சொல்லிப் பழகுவதற்குள் கட்டையே தீர்ந்துவிடும் என்று நாங்கள் செங்கட்டை என்றோம். உள்ளே சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் வரிவரியாக ஓடும். அறுத்தால் இனிப்பும் காரமும் கலந்த ஒரு வாசனை வரும். உடம்பு முழுக்க எண்ணெய் பிடித்த மரம். அந்த எண்ணெய்தான் அதன் அழகு, அதுதான் வினையும். மேலே வார்னிஷ் அடித்தால் நாள்கணக்கில் காயாமல் பிசுபிசுக்கும். அதனால் வெறும் உப்புத்தாளாலேயே பளபளப்பு ஏற்ற வேண்டும். மற்ற மரத்தைத் தேய்க்கிறதைப்போல் இரண்டு பங்கு, மூன்று பங்கு தேய்க்க வேண்டும். தேய்த்தால் கண்ணாடிதான். என் தங்கை தேய்த்த செங்கட்டை வளையலைக் கையில் எடுத்தவர்கள் திருப்பிக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் அந்த மரத்தின் மேல் அப்படி ஒரு பைத்தியம். மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி தேய்ப்பாள்.

பிறகுதான் அவளுக்குக் கண் வீங்க ஆரம்பித்தது.

காலையில் எழுந்தால் இமை இரண்டும் பணியாரமாக இருக்கும். கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்புத் தடிப்பாக வரும். சொறிந்து சொறிந்து ரத்தம் பார்ப்பாள். நாங்கள் உலகத்தில் இருக்கிற எல்லாவற்றின் மேலும் பழி போட்டோம். முதலில் சோப்பை மாற்றினோம். கத்திரிக்காயை நிறுத்தினோம். தலையணைப் பஞ்சை மாற்றினோம். பூனை முடிதான் காரணம் என்று அவன் கண்டுபிடித்தான். அவள் ஆசையாக வளர்த்த பூனையை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அவள் ஒரு வாரம் அழுதாள். அந்தப் பூனை எங்கே திரிகிறதோ, அது அவனுக்கு விட்ட சாபம் சும்மா போகாது.

பூனை போன பிறகு நெஞ்சில் விசில் வந்தது. படியேறினால் விசில், சிரித்தால் விசில். குக்கர் வச்சிருக்கேன்க்கா என்று அவளே கேலி செய்துகொள்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

தூள்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்கு லேசாகத் தட்டியது. இரண்டு பக்கமும் டப்பா வைத்த நல்ல மாஸ்க்காக மூன்று வாங்கிவந்தேன். அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

"என்னக்கா, எந்த பேங்க்ல கொள்ளை அடிக்கப் போறீங்க?"

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கேன் மாப்பிள்ளை. பட்டறைக்குள்ள வந்தா போட்டுக்குங்க."

"மரத்தூளுக்கெல்லாம் மூஞ்சிய மூடினா, கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பான்? நானே மரம் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லி வித்துக்கிட்டிருக்கேன். நான் இதைப் போட மாட்டேன்பா."

போடவும் இல்லை. தூள் மேகமாக எழும்புகிற நேரத்திலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கைக்குட்டைகூட மூக்கில் வைக்காமல் வந்து நின்று, ஆச்சா, ஆச்சா என்று கேட்பான். படாக் ஓடுகிற நாளானாலும் சரி, கருங்காலி ஓடுகிற நாளானாலும் சரி, அவன் மூக்கு திறந்துதான் இருக்கும்.

ஒரு சமயம் ரம்பத்தின் மோட்டார் புகைந்துபோய் பட்டறை பத்துப் பதினைந்து நாள் பூட்டிக்கிடந்தது. என் தங்கை தேறிவிட்டாள். கண் தெளிந்தது, தோல் காய்ந்து உதிர்ந்து புதுசாக வந்தது, விசில் நின்றது. மாடியில் துணி உலர்த்தப் படி ஏறினவள் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி வந்தாள். மோட்டார் வந்தது. கருங்காலி தேய்த்தாள், ஒன்றுமில்லை. ஊதா தேய்த்தாள், ஒன்றுமில்லை. செங்கட்டையை எடுத்த அன்றைக்கே சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனேன். அவனும் வந்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவனும் வந்தான். டாக்டரம்மா எங்கள் பட்டறைத் தூளை மரத்துக்கு ஒரு பொட்டலமாகக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றையும் துளி நனைத்து, என் தங்கை முதுகில் வரிசையாக ஒட்டி அனுப்பினார். திரும்பப் போய்ப் பிரித்தபோது படாக் ஒட்டின இடம் சுத்தமாக இருந்தது. கருங்காலியும் ஊதாவும் அப்படியே. செங்கட்டை ஒட்டின இடத்தில் தோல் நெருப்புப் பட்ட மாதிரி கொப்புளித்திருந்தது.

"இந்த மரம் இவங்களுக்கு இனி ஆகாது" என்றார் டாக்டரம்மா. "ஒரு தடவை உடம்பு இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா, மனசு மாறாது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட வேகமா வரும். மாஸ்க் போட்டுக்கிட்டு செய்றேன்னு சொல்லாதீங்க. இந்த மரம் ஓடுற ரூமுக்குள்ளயே இவங்க போகக் கூடாது. அடுத்த தடவை மூச்சு நின்னுட்டா என்கிட்ட வர்றதுக்குக்கூட நேரம் இருக்காது."

அவன் தலையை ஆட்டினான். இனிமே அந்தக் கட்டை வீட்டு வாசப்படி மிதிக்காது டாக்டர் என்று அவன் வாயாலேயே சொன்னான். வீட்டுக்கு வந்து இருந்த கட்டையையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டும் போனான். பரவாயில்லை, மனுஷன்தான் என்று நான் நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

தங்கை அன்றைக்கு வருத்தப்பட்டாள். இனிமேல் அதைத் தொடவே முடியாதாக்கா என்று கேட்டாள். மூச்சு விடணும்னா தொடாதே, அவ்வளவுதான் என்று நான் எரிந்து விழுந்தேன். ஆனால் அவள் கேட்டுக்கொண்டாள். கருங்காலித் தோடுகளில் மூழ்கிப்போனாள். நெஞ்சில் சத்தமே இல்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவள் மூச்சு சத்தமில்லாமல் போய் வர வேண்டும். மற்ற எதுவும் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

நடனக் குழு ஒன்று வந்தது. மேடையில் ஆடுகிற அத்தனை பெண்களும் கையில் ஒரே மாதிரி வளையல் போட வேண்டுமாம். அவன் அவர்களிடம் காட்டின சாம்பிள் எது தெரியுமா? என் தங்கை முன்பு தேய்த்த செங்கட்டை வளையல். ஒன்றைப் பத்திரமாக ஒளித்து வைத்திருந்திருக்கிறான். அவர்கள் பார்த்தார்கள், மயங்கினார்கள். இவன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"வேற யாரையாச்சும் வெச்சுத் தேய்க்கச் சொல்லுங்க, வேற எங்கயாச்சும் வெச்சு" என்றேன்.

"சொல்லிப் பாத்தேன்க்கா. இவ கை மாதிரி வரல. கண்ணாடி மாதிரி வேணும்ங்கிறாங்க. இவ ஒரு தடவை மட்டும், மாஸ்க் போட்டுக்கிட்டு..."

நான் கையிலிருந்த கட்டையைத் தரையில் அடித்தேன். அது துள்ளிப்போய் அவன் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. காலில் விழவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்.

"டாக்டர் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க மாப்பிள்ளை? தலைய ஆட்டினது யாரு? உங்க நிழலா?"

அவன் பின்வாங்கினான். சரிக்கா, சரிக்கா, கோவப்படாதீங்க, படாக்ல செஞ்சு குடுத்துடலாம், அதுவும் சிவப்புதானே, ஆடுறவங்க கையில தூரத்துலேருந்து பாத்தா யாருக்குத் தெரியப்போகுது என்றான். படாக் அவளுக்கு ஒத்துக்கொள்கிற மரம். முதுகில் ஒட்டிப் பார்த்து நிச்சயம் செய்த மரம். நான் சரியென்றேன். நீங்க ஏன் கஷ்டப்படணும், கடையுற வேலைய வெளியில குடுத்துடறேன், கடைஞ்சே வாங்கிடறேன் என்று வேறு சொன்னான். லேத்தில் நிற்கிறவள் நான் இருக்கும்போது வெளியில் எதற்கு என்று எனக்குச் சுருக்கென்றது. அவசரத்துக்கு என்றான். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ரம்பத்தின் பிளேடு மழுங்கிவிட்டது என்று சாணை பிடிக்க எடுத்துக்கொண்டு போனேன். ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது சாணைக் கடை. அன்றைக்கு அங்கே கூட்டம். நான் எப்போது கிளம்புவேன் என்று காத்திருந்து அவன் வளையல் மூட்டையை உள்ளே கொண்டுவந்திருக்கிறான். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் திரும்பி வந்து பட்டறைக் கதவைத் தள்ளினேன். வாசனை முகத்தில் அடித்தது. இனிப்பும் காரமும். என் தங்கை மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. விசில்கூட வரவில்லை. விசில் வராததுதான் என்னைக் கொன்றது.

அவன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். "இப்பதான்க்கா ஆரம்பிச்சுது, காருக்குப் போன் பண்ணலாம்னுதான்..." என்று இழுத்தான். நான் அவனைத் தள்ளிய வேகத்தில் அவன் அலமாரியில் போய் மோதினான். தங்கையை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரர் காரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். என்னவென்று அவர் கேட்பதற்கு முன்னால் கதவைத் திறந்து ஏறிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள், புகை மருந்து பிடிக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஒரு நர்ஸ் ஆரம்பித்தார். மேற்கொண்டு சொல்லாதீர்கள் என்று கையைக் காட்டினேன். அப்போதுதான் என் ரவிக்கைக் கையைப் பார்த்தேன். அவளைத் தூக்கினபோது ஒட்டின தூள். படாக் தூள் உலர்ந்த தூள், மஞ்சள்பொடி மாதிரி, ஊதினால் பறந்துவிடும். இது பறக்கவில்லை. எண்ணெயில் ஊறிக் கட்டி கட்டியாகத் துணியில் அப்பியிருந்தது.

அவன் பின்னாலேயே வந்து சேர்ந்தான். வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன்.

"அது படாக்கா?"

"படாக்தான்க்கா. படாக்னுதான் கடைக்காரன் குடுத்தான்."

"மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

"நான் விக்கிறவன்க்கா. எனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? நீங்கதான் அறுக்கிறீங்க, அவதான் தேய்க்கிறா. ரெண்டும் சிவப்பு. அந்தப் பாவி ஏமாத்திட்டான். நான் அவனை சும்மா விடப்போறதில்ல, பாருங்க."

கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது அவனுக்கு. சொன்னால் வெட்கம், நான் தடுமாறினேன். மரத்தைப் பேர் மாற்றி விற்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். நானே ஏமாந்திருக்கிறேன். இவனுக்கு நிஜமாகவே கண் தெரியவில்லையோ, நிஜமாகவே முட்டாள்தானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முட்டாளாக இருந்துவிட்டால் நல்லது என்றுகூட ஆசைப்பட்டேன். முட்டாளோடு ஒருத்தி குடும்பம் நடத்திவிடலாம்.

மறுநாள் காலையில் தங்கைக்குப் பேச்சு வந்தது. முகம் இன்னும் உப்பியிருந்தது. நான் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, கடைக்காரன்தான் ஏமாற்றிவிட்டானாம், உன் வீட்டுக்காரர் அழுதுவிட்டார் என்றேன். அவள் கரண்டியைத் தள்ளினாள்.

"அவரு மாஸ்க் போட்டுக்கிட்டு வந்தாருக்கா."

எனக்குப் புரியவில்லை. அவள் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"வளையல் மூட்டையைக் கொண்டுவந்து வெச்சாரு. படாக், நீ தைரியமா தேய்னு சொன்னாரு. நீ வாங்கிக் குடுத்த மாஸ்க், அவரு ஒரு நாளும் தொடாதது, அதைப் போட்டிருந்தாரு. சளி பிடிச்சிருக்கான்னு கேட்டேன். இல்லையேன்னாரு."

நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"கடைஞ்ச தூள் மேல படிஞ்சிருந்துச்சு, வரி தெரியல. முதல் வளையல்ல ரெண்டு இழு இழுத்தேன். தாள்ல தூள் அப்பிக்கிச்சு. என் மாஸ்க்கைக் கழட்டி மோந்து பாத்தேன். அதேதான்."

"தெரிஞ்சுடுச்சுல்ல? எந்திரிச்சு ஓட வேண்டியதுதானே?"

"ஓடல."

"ஏன்டி?"

"தேய்ச்சேன். மாஸ்க்கையும் திரும்பப் போட்டுக்கல." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "ஒண்ணு முடிய முடிய எடுத்துட்டுப் போக வந்தாரு. ஒவ்வொரு தடவையும் மாஸ்க்கோட. இப்ப சொல்லுவாரு, இந்தத் தடவை போதும் விடுன்னு சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். விசில் வந்துடுச்சு, அவருக்கும் கேட்டுச்சு. வளையலைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, சூப்பரா வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு யார் மேல் பாய்வது என்றே தெரியவில்லை. முதலில் அவள் மேல்தான் பாய்ந்தேன். ஒருத்தன் மனசைத் தெரிந்துகொள்ள உன் உசிரா கிடைத்தது, நீ செத்திருந்தால் அவன் மனசு தெரிந்து என்ன ஆகப்போகிறது, பைத்தியக்காரி, அறிவு கெட்டவளே, நான் ஒருத்தி இருக்கிறேனே, என்னைக் கேட்டால் நான் சொல்லமாட்டேனா என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கத்திக்கொண்டே அழுதேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன்க்கா" என்றாள்.

அது உண்மைதான். அவன் மேல் நான் ஒரு குறை சொன்னால், உனக்கு அவரைப் பிடிக்காது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாள். பூனையைக் கொண்டுபோய் விட்டபோதுகூட அவனுக்காகத்தான் பேசினாள். இந்த விஷயத்தை அவளே பார்த்தால்தான் உண்டு. பார்த்துவிட்டாள். இவ்வளவு கிட்டத்தில் போயா பார்க்க வேண்டும்?

அந்த நேரத்தில்தான் அவன் உள்ளே வந்தான். கையில் ஆரஞ்சுப் பழப் பை, குளித்துச் சவரம் செய்த முகம், துவைத்த வெள்ளைச் சட்டை. எப்படி இருக்கே என்று கட்டிலில் உட்காரப் போனான். நான் எழுந்தேன். என்ன செய்வதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. தங்கை என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஏங்க" என்றாள் அவனைப் பார்த்து. சாதாரணமாக, உப்பு வாங்கி வந்தீர்களா என்று கேட்கிற குரலில். "நேத்து நான் எத்தனை வளையல் முடிச்சேன்?"

"பதினொண்ணு" என்றான் அவன்.

யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக வைத்திருந்தான். சொன்னதோடு நிறுத்தினானா? "பன்னெண்டாவது பாதியில நிக்குது. அது போனா போகட்டும், நீ உடம்பைத் தேத்திக்க. மீதிய அக்காகிட்ட குடுத்து எப்படியாச்சும் சமாளிச்சுக்கலாம்" என்றான். பெருந்தன்மையாகச் சொல்கிறானாம். முகத்தில் அந்தச் சிரிப்பு வேறு.

தங்கை அவனைப் பார்த்தாள். அப்படி அவள் யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

"வேணாம்" என்றாள். "அக்கா தொட வேணாம். அந்தப் பன்னெண்டாவது வளையலை நீங்க தேய்ங்க. என் ஸ்டூல்ல உக்காந்து, கதவைச் சாத்திக்கிட்டு, மாஸ்க் இல்லாம. கண்ணாடி மாதிரி வரணும்னு இல்ல, சுமாரா வந்தா போதும். முடிச்சுட்டுக் கொண்டுவாங்க. நான் வீட்டுக்கு வர்றேன்."

"என்ன பேச்சு இது" என்றான்.

"மரம் ஒண்ணும் செய்யாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதோ காப்பாற்றுவேன் என்கிற மாதிரி. பிறகு தரையைப் பார்த்தான். ஒரு வளையல் தேய்ப்பதால் அவனுக்கு ஒரு மண்ணும் ஆகாது. மூக்கில் நாலு தும்மல் வரும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், டாக்டர் பேசியதைக் கூடவே நின்று கேட்ட அவனுக்கும் தெரியும். அந்த நாலு தும்மலைத் தும்மிவிட்டு வந்திருந்தால் அவள் எழுந்து அவன் பின்னால் போயிருப்பாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை அவள். நான் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன், எங்கே சரியென்று சொல்லிவிடுவானோ என்று.

"உடம்பு சரியானதும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பழப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

என் தங்கை இப்போது என் வீட்டில் இருக்கிறாள். கருங்காலித் தோடு தேய்க்கிறாள், மூச்சு நன்றாக ஓடுகிறது. அவன் அடிக்கடி ஆள் அனுப்புகிறான், நேரிலும் வந்து வாசலில் நிற்கிறான், தெரியாமல் நடந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். வரும்போதெல்லாம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள், முடிச்சுட்டீங்களா என்று. அவன் இன்னும் தேய்க்கவில்லை.